அம்மாவின் நிரையில் என் முதல் வசனம்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "தோட்டத்துப் பொம்பளையா வந்தா அந்தப் புள்ள அப்படியே வாழ்ந்துருவா" என்று என் நாடகங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நான் கொழுந்து எடுத்தது ஆயுளில் மொத்தமே ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு தேயிலைச் செடியையும், ஓர் இயக்குநரின் மூன்று நாட்களையும், என் அம்மாவின் மானத்தையும் சேர்த்து நாசமாக்கினேன். (கெமராவுக்கு முன்னால் நடந்ததால் இல்லை என்று சாதிக்கவும் வழியில்லை.)

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். 'எங்கள்' என்றால் சொந்தம் இல்லை. அங்கே வரிசை வீடுகளான லயத்தில், ஓர் அறைக் காம்பராவில் அம்மா, அப்பா, நான், தம்பி என்று நாலு பேர் இருந்தோம், அவ்வளவுதான். வாசலுக்கு முன்னால் ரோடு. ரோட்டுக்குக் கீழே தேயிலை. தேயிலைக்குக் கீழே தண்டவாளம். மத்தியானம் தாண்டினால் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வரும். முதலில் தண்டவாளம் மறையும். பிறகு தேயிலை, பிறகு பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சேலை. கடைசியில் உலகத்தில் நான் மட்டும் மிச்சம் இருப்பேன். அந்த வெள்ளைக்குள் நிற்கும்போது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நான் நடிகையாக இருந்தேன்.

கீழே ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்கும். பெட்டி பெட்டியாக என் ரசிகர்கள் போகிறார்கள் என்று நினைத்துக் கையசைப்பேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, யாரையோ பிரிந்தவள் மாதிரி நிற்பேன். மூட்டம் விலகும்போது சொல்லிக்கொண்டு விலகுவதில்லை. திடீரென்று வெளிச்சம் வரும்போது ஒரு கையில் விளக்குமாறு இருக்கும், மறு கை வெறும் தண்டவாளத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருக்கும்.

"லெச்சுமி, ஒம் மக யாருக்கோ கை காட்டுது. கொஞ்சம் பார்த்துக்க" என்று ரோட்டில் போகிறவர்கள் அம்மாவிடம் வத்தி வைத்துவிட்டுப் போவார்கள்.

அம்மா கொழுந்து எடுக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் ஒருத்தி நடந்துபோய் எடுக்க வேண்டிய தேயிலை வரிசை. அன்றைக்கு அது அவளுடையது. ஒருத்தி நிரையில் இன்னொருத்தி கை வைத்தால் மலையே இரண்டாகும். புருஷனை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்போம், நிரையை விட மாட்டோம் என்பது அம்மா அடிக்கடி சொல்வது. (அப்பா பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்வாள்.)

ஆனால் என்னை மட்டும் அவள் தேயிலை மலைக்குள் கால் வைக்க விட்டதே இல்லை. லீவு நாளில் தேத்தண்ணி கொண்டுபோனால்கூட ரோட்டிலேயே நிறுத்திவிடுவாள். "நான் எடுக்குறது போதும். நீ புஸ்தகத்த எடு" என்பாள். அதனால் தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும் அதற்குள் எப்படி நடப்பது என்று தெரியாமலே எனக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சமயம். கொழும்பில் துணி தைக்கிற ஒரு கார்மெண்டில் எனக்கு வேலை பேசியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டும். அந்த வாரம் பார்த்து எங்கள் தோட்டத்துக்கு ஒரு டிவி நாடகக் குழு வந்து இறங்கியது. கொழும்புத் தமிழர் ஒருவர்தான் இயக்குநர். இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குத் தொப்பி. குளிரில் பல் தந்தியடித்தது. கதாநாயகிக்குத் தோழியாக ஒரு தோட்டத்துப் பெண் வேண்டும் என்று தேடினார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"தங்கச்சிக்குக் கொழுந்து எடுக்கத் தெரியுமா?"

"பொறந்ததுல இருந்து எடுக்குறேங்க."

பொய் சொல்லும்போதும் தலையைச் சாய்த்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தாரோ என்னவோ, வேடம் எனக்கே கிடைத்தது. ஒரே ஒரு வசனம்: "அக்கா, மழை வருது, வாங்க போவோம்."

அம்மாவிடம் சொன்னேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு வாட்டி நடிச்சுப் பாரு. நல்லா நடிக்கிறான்னு அந்த ஐயா வாயால சொல்லட்டும், நான் குறுக்க நிக்கல. சொல்லலைன்னா திங்கக்கெழம பேசாம பஸ் ஏறிரணும். அதுக்கப்புறம் நடிப்பு கிடிப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். அன்றிலிருந்து அந்த ஒரு வசனத்தை அழுது சொன்னேன், சிரித்துச் சொன்னேன், குசுகுசுவென்று சொன்னேன். அப்பாவுக்குச் சோறு போடும்போதும், "அக்கா, மழை வருது" என்றேன். "நீ கூப்புடுற கூப்புல வர்ற மழையும் ஓடிரும்டி" என்றாள் அம்மா.

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. இயக்குநருக்கு அந்தக் காட்சியில் மூட்டம் வேண்டும். வெள்ளைக்குள்ளிருந்து தோழி கனவு மாதிரி இறங்கி வந்து, அழுதுகொண்டிருக்கிற நாயகியைத் தொட வேண்டும். வருஷம் முழுவதும் எங்கள் துணியைக் காயவிடாத மூட்டம், கெமரா வந்ததும் காணாமல் போய்விட்டது. இரண்டு நாள் சுள்ளென்று வெயில். மலையில் நூறு வருஷத்துக்கு முன்னால் நட்ட செடி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. இயக்குநர் பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாளுடன் குழு ஊர் திரும்ப வேண்டும்.

அந்த மூன்றாம் நாள் காலை எனக்கு மேக்கப் போட்டார்கள். மேக்கப்காரர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்லையே" என்று சலித்துக்கொண்டு, கரும்பழுப்பாக எதையோ எடுத்துக் கன்னம், கழுத்து, கை என்று அப்பினார். தலையில் துணி, இடுப்பில் நனையாமலிருக்கக் கட்டுகிற படங்குச் சாக்கு, முதுகில் கூடை. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். நடிப்பு என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு கட்டளை போட்டிருந்தார். படம் எடுத்தாலும் வேலை நிற்கக் கூடாது. அதனால் கெமராவுக்கு எட்டத்தில், எங்கள் டிவிசனின், அதாவது தோட்டத்தில் எங்கள் பகுதியின், நிஜக் கொழுந்துக்காரிகள் அன்றைய நிரைகளில் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி.

பத்து மணி இருக்கும். அன்றைக்கு மத்தியானத்துக்கு முந்தியே பள்ளத்திலிருந்து அது வந்தது. முதலில் தண்டவாளம் மறைந்தது. பிறகு தேயிலை. இயக்குநர் எழுந்து நின்றார். "ஆக்‌ஷன்" என்பதைச் சாமியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

நான் இறங்கினேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. சுற்றிலும் வெள்ளை, காலடியில் ஈரம், எங்கோ ரயில் கூவுகிறது. எத்தனை வருஷம் இதற்குள் நின்று கையசைத்தேன்! இன்றைக்குத்தான் இது நிஜமாகவே என்னுடையது. தலையைச் சாய்த்தேன். கண்ணைப் பாதி மூடினேன். இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, தோளுக்கு மேலே வீசிக்கொண்டே மிதந்துபோனேன்.

பாதிக் கண்ணோடு மிதந்தால் நேராகப் போக முடியாது. நாயகி உட்கார்ந்திருந்தது இடப்பக்கம். நான் வலப்பக்கம் இரண்டு வரிசை தாண்டிப் போய்விட்டேன். கொழுந்து, முற்றின இலை, காம்பு, குச்சி என்று கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கிக் கூடையில் போட்டேன். ஒரு கிளை வர மறுத்தது. கலை உணர்ச்சியோடு ஓங்கி இழுத்தேன். படக்கென்று முறிந்தது.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஏய்! யாருடி நீ? எந்த டிவிசன்காரி? கண்ணு அவிஞ்சா போச்சு? இது என் நிரைடி!"

அம்மா. இடுப்பில் படங்கு, நெற்றியில் கூடைக் கயிறு, கண்ணில் நெருப்பு. என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கத்தினாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

"கெளயையே முறிச்சு வச்சிருக்கா பாரு பாவி! முத்துன எலைய எல்லாம் எடுத்துப்புட்டு எவ தலையில கட்டப் பாக்குற? கண்டாக்கையா நிறுக்க வந்தா நான்டி பதில் சொல்லணும்! சோத்தத்தான திங்குற?"

நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று நாளாக என் வாய்க்குள் இருந்தது ஒரே ஒரு வசனம். அதுதான் வந்தது.

"அக்கா, மழை வருது, வாங்க போவோம்."

"யாருக்குடி அக்கா? மழ வந்தா என்னா, இடி விழுந்தா என்னா? நிரைய முடிக்காம எங்கடி போறது?"

அந்த நேரம் பார்த்து, கேட்டால் நம்ப மாட்டீர்கள், மழை வந்தது. சடசடவென்று கொட்டியது. மூட்டம் கலைந்தது. என் முகத்துப் பழுப்பு கோடு கோடாக வழிந்து தாடையில் சொட்டியது. அம்மா பிடியை விடாமல் உற்றுப் பார்த்தாள். கோபம் மெதுவாக இறங்கி, பயம் ஏறியது.

"அடியே... நீயா?"

திரும்பிப் பார்த்தோம். கெமரா எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. கதாநாயகி குடைக்குள் வாயைப் பிளந்து நின்றார். இயக்குநர் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் போட்டுவிட்டு, "மூணு நாள்... தங்கச்சி, மூணு நாள்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் போனாள். "ஐயா கோவிச்சுக்காதீங்க. ஏசுனது நாந்தாங்க. எம் புள்ள... நல்லா நடிச்சாளாங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, இவவுக்கு நடிப்பு வராது. வேற ஏதும் வேலை பார்க்கச் சொல்லுங்கோ."

என் கனவு அந்த மழையில் அந்த இடத்திலேயே கரைந்து ஓடியது. அன்று பின்னேரம் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பழுப்பும் போகவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்து துணிகளை பேக்கில் அடுக்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாத்துக்கு இப்ப பேக்கு கட்டுற?"

"அவர்தான் வராதுன்னு சொல்லிட்டாரேம்மா."

"அவரு கெடக்காரு." தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். "ஒன்னயப் பெத்தவ நானு. கையப் புடிச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா நின்னேன். என்னாலயே நீதான்னு கண்டுபுடிக்க முடியல. அதுக்கு மேல என்னாடி நடிப்பு வேணும்?"

அது என் நடிப்பு இல்லை, மேக்கப்காரரின் பழுப்பும் மூட்டமும் செய்த வேலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. (இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.) கோப்பையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன். திங்கட்கிழமை பஸ் என்னை விட்டுவிட்டே போனது.

சில மாதம் கழித்து நாடகம் ஒளிபரப்பானது. லயமே எங்கள் காம்பராவில் கூடியது. மூட்டக் காட்சிக்கு வேறு வழியில்லாமல் இயக்குநர் எங்கள் சண்டையையே போட்டிருந்தார். அம்மா திரை முழுக்க நின்று ஏசினாள். நான் ஒரு முதுகாகவும் ஒரு கூடையாகவும் தெரிந்தேன். என் வசனம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அடுத்த வாரம் இன்னொரு இயக்குநரிடமிருந்து தொலைபேசி வந்தது. என்னைக் கேட்டு இல்லை. "ஏசினாங்களே, அந்த அம்மா வருவாங்களா?"

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மலையில வேல கெடக்குதுங்க. எம் மகள அனுப்புறேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என் நிரையத் தந்திருக்கேன். கெளைய முறிக்காம எடு."

அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம், நாலைந்து படம். வீட்டில் இன்றும் யாராவது அடுத்தவர் தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்தால், "யாருடி நீ, எந்த டிவிசன்காரி?" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். தம்பி பிள்ளைகளுக்கு அதன் கதை தெரியாது, ஆனால் சரியாகக் கத்துவார்கள்.

என் நாடகம் ஒளிபரப்பாகிற இரவுகளில் அம்மா தவறாமல் அழைப்பாள். பெரும்பாலும் ஒரே விமர்சனம்தான். "பார்த்தேன். நீதான்னு தெரிஞ்சிருச்சு." அதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன மாதம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு கொழுந்துக்காரியாக நான் நடித்த நாடகம் ஒளிபரப்பானது. போன் வந்தது. எடுத்து, "அம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "யாருடி நீ?"