உடைய மறுத்த கீரப்பாளையம் பாலம்

ஒரு காகிதப் பாலத்தை உடைக்கத் தெரியாமல் டீச்சர் வேலையையே கோட்டை விடப் பார்த்தவள் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமில்லைதான். ஆனால் நான் சொல்லாவிட்டால் என் தங்கை சொல்லிவிடுவாள். அவள் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லுவாள்.

கடலூரில் ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் வருடம். சின்னப் பிள்ளைகளுக்கும் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எங்கள் மேடம் ஒரு பாடம் கொண்டுவந்தார். இரண்டு பெஞ்சுக்கு நடுவே, பழைய நியூஸ்பேப்பரில் பிள்ளைகளே பாலம் கட்ட வேண்டும். மேலே கல் வைத்தால் உடையும். ஏன் உடைந்தது என்று அவர்களே யோசித்து மறுபடி கட்ட வேண்டும். "ஒடையட்டும்மா. ஒடஞ்சாதான் பாடமே ஆரம்பிக்குது" என்று மேடம் பத்து தடவை சொன்னார். நானும் பத்து தடவை தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான்தான் எப்போதும் முதல் மார்க்.)

எனக்குக் கிடைத்தது கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பு. மேடம் வந்து பார்த்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடாவிட்டால், அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி பயிற்சி. அந்த ஜூனியர்களில் என் தங்கை செல்வியும் ஒருத்தி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டுவதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது.

அதனால் ஒத்திகை பார்த்தேன். (பார்வையிட ஆள் வருகிறார் என்றால் ஒத்திகை பார்க்காத டீச்சர் உண்டா?) மூன்று நாள். பாலம் கட்டுவதற்கு மட்டுமில்லை, உடைவதற்கும். பதினைந்தாவது கல் வைத்ததும் லீடர் தேன்மொழி எழுந்து, "பாலம் ஒடஞ்சிடுச்சி டீச்சர்" என்று வருத்தப்பட வேண்டும். ஏன் என்று நான் கேட்டால் கடைசி பெஞ்ச் பிரவீன், "நடுவுல தாங்கல் இல்ல டீச்சர்" என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மூன்று நாள் கட்டிக் கட்டிப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பேப்பரைக் குழலாகச் சுருட்டி, பசை தடவி, நூல் சுற்றி, அன்று மேடம் முன்னால் அவர்கள் கட்டிய பாலத்தில் கரும்பு லாரியே போகலாம்.

பதினைந்தாவது கல் வைத்தேன். பாலம் அசையவில்லை. தேன்மொழி எழுந்து, "பாலம் ஒடஞ்சிடுச்சி டீச்சர்" என்று கண்ணைக் கசக்கினாள். வகுப்பே உச்சுக் கொட்டியது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்தார்.

என் டிபன் பாக்ஸை வைத்தேன். ரெக்கார்டு நோட்டை வைத்தேன். ம்ஹூம். கடைசியில், எதையோ சரிசெய்வதுபோல முழங்கையை ஊன்றி என் மொத்த எடையையும் இறக்கினேன். பெஞ்ச் சறுக்கியது. கல், டிபன் பாக்ஸ், தயிர்சாதம், நான், எல்லாரும் மேடம் காலடியில் கிடந்தோம். பாலம் மட்டும் என் கையில் பத்திரமாக இருந்தது.

பாலம் உடைந்ததா என்று மேடம் பிள்ளைகளைக் கேட்டார்.

"இல்ல மேடம். டீச்சர்தான் உழுந்துட்டாங்க" என்றாள் தேன்மொழி.

"ஏன் உழுந்தாங்க?"

பிரவீன் எழுந்தான். "நடுவுல தாங்கல் இல்ல மேடம்."

மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். கையெழுத்து மட்டும் விழவில்லை. "புள்ளைங்க கத்துக்கிட்டாங்க, நீதாம்மா இன்னும் கத்துக்கல" என்று சொல்லி, அடுத்த வாரம் மூன்றாம் வகுப்பில் ஒத்திகை இல்லாமல் எடுக்கச் சொன்னார். பயந்துகொண்டே எடுத்தேன். மூன்றாவது கல்லிலேயே பாலம் படுத்துவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். மணியடிக்கும்வரை சண்டை போட்டுப் போட்டு மறுபடி கட்டினோம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை எந்த வகுப்பிலும் அனுபவித்ததில்லை. மேடம் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு போயிற்று என்றுதான் இருந்தேன். மறுவருடம் செல்விக்கும் அதே பள்ளிக்கூடம்தான் கிடைத்தது. சிதம்பரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினாலும் அவள் இதைத்தான் அவிழ்த்துவிடுகிறாள். முதல் நாள் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தாளாம். தேன்மொழி எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டாளாம்: "நீங்க என்னைக்கு உழுவீங்க டீச்சர்? முன்னாடியே சொன்னா பெஞ்ச தள்ளிப் போட்டு வெப்போம்."