ஒரு எல்லா, ரெண்டு எல்லா?

"ரெண்டுமே சரிதான் மேடம். அதுதான் பிரச்சினையே," என்றான் புரோகிராமர்.

திருமணத் தகவல் நிலையத்தின் முதலாளியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். 'கேன்சல்ட்' என்று ஆங்கிலத்தில் எழுத, அமெரிக்காக்காரனுக்கு ஒரு எல் போதும். இங்கிலாந்துக்காரனுக்கு இரண்டு வேண்டும். நிலையத்தின் மென்பொருளிலோ திரையில் ஒன்று, உள்ளே புரோகிராமில் இரண்டு.

"ஏதாவது ஒண்ணை வச்சுத் தொலை, தம்பி. வர்றவங்க எல்லாம் பாத்துப் பேசிட்டு, வேண்டாம்னு கேன்சல் பண்ணிட்டுப் போயிடறாங்க. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான். உன் வேலையும் சேர்த்து!"

அவன் சிக்கனமாக புரோகிராமிலும் ஒரு எல்லையே வைத்தான். பழைய பதிவுகளில் இரண்டு எல் இருப்பதை மறந்து தொலைத்தான். மென்பொருளுக்கு அவை ரத்தான பதிவுகள் என்று அடையாளம் தெரியவில்லை. வேண்டாம் என்று எப்போதோ விலகியவர்களுக்கெல்லாம், 'உங்கள் சந்திப்பு உறுதி. இன்று மாலை ஐந்து மணிக்கு வரவும்' என்று செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டது.

அலறியடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினான். மூச்சு விடாமல் உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் ஒரு எல்லுக்கு மாற்றி, மறுபடி ஓடவிட்டான். அதற்குள், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பக்கத்து மேசை டெஸ்டர் பெண் வந்தாள்.

"பயப்படாதீங்க சார். புரோகிராம் உள்ளே பழையபடி ரெண்டு எல் போட்டுட்டேன்."

"ஐயையோ! நான் பதிவையெல்லாம் ஒரு எல்லா மாத்திட்டேனே!"

பாதி பேருக்குப் போன அழைப்பு இப்போது மீதிப் பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சாங்கன்னா, நாளைக்கு நீ வர வேண்டாம்," என்றார் முதலாளியம்மா.

ஐந்து மணிக்கு ஹால் நிரம்பியது. புரோகிராமர் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்தான். வைத்த கண் வாங்க முடியவில்லை.

சண்டையே இல்லை! ஒருத்தி, பக்கத்தில் இருந்தவன் கேட்காமலேயே அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். இன்னொருத்தி, "குடையை மறுபடி பஸ்ல விட்டுட்டீங்களா?" என்றாள், அவளோடு வந்தவன் அசடு வழிந்தான். ஒருவன் ஆரம்பித்த வாக்கியத்தை அருகில் நின்றவள் முடித்தாள். ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது என்று போனவர்கள்! புரோகிராமருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் கைபட்ட ஒரே ஓர் எழுத்து இத்தனை மனசுகளை மாற்றிவிட்டதே என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

முதலாளியம்மா எதிர்ச் சுவரில் இருந்த சாமி படத்தை நோக்கிக் கும்பிட்டே விட்டார். "தம்பி, அந்த எல்லைத் தொடாதே. அப்படியே இருக்கட்டும்!"

புரோகிராமரால் அடக்க முடியவில்லை. உள்ளே போய், கணினிக்கும் எட்டாத அந்த ரகசியத்தை வாசலோரம் நின்ற பெண்ணிடம் கேட்டான்.

"அக்கா, இவ்வளவு பொருத்தமா இருக்கீங்களே, அப்போ ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

அவள் பக்கத்தில் நின்றவனின் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சரின்னா கமிஷன் கேப்பீங்களேன்னு, இங்க கேன்சல் பண்ணிட்டு வெளிய போய்க் கல்யாணம் கட்டிக்கிட்டோம் தம்பி; மெசேஜைப் பாத்ததும் மாட்டிக்கிட்டோம்னு பதறி ஓடி வந்தா, இங்க எல்லாருமே அதே கேஸா இருக்காங்க!"