டாக்டர் விட்டுவைத்த கடுகு

இயேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை

மில்லர்புரத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தங்கை பிலோமினாவுக்கு அக்காள் பெப்ரோனியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் இனிகோவும் மருமகளும் பனிமய மாதா தயவால் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், ஆகையால் எழுதியிருக்கிறேன். திரேஸ்புரத்துக்கும் மில்லர்புரத்துக்கும் பஸ்ஸில் இருபது நிமிஷம். இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பஸ்ஸில் நீயும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. போன் பண்ணும்மா என்றான் இனிகோ. போனில் என் பெயரைப் பார்த்தால் நீ எடுக்கமாட்டாய், எடுத்தாலும் நான் பேசமாட்டேன். அதனால்தான் தபால்.

இதையும் நானாக எழுதவில்லை. டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலையில் ஆபரேஷன் ஆகி நாற்பது நாள் ஆகிறது. தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், வார்த்தைக்கு நல்லது, யாருக்காவது கடிதமாக எழுதினால் இன்னும் நல்லது என்றார். யாருக்கு எழுத என்று பார்த்தேன். மற்ற எல்லாரையும் கேட்கவேண்டியதை நேரிலேயே கேட்டாயிற்று, பாக்கி நீ ஒருத்திதான். கன்னியர்மடத்தில் ஐந்தாவது வரை படித்த எழுத்து இது. நீ எட்டாவது படித்தவள், பிழை இருந்தால் திருத்திக்கொள். நான் ஐந்தோடு நின்றது உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதால்தான் என்பதையும் அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நோய் எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாசலில் மீன்காரி கூடையை இறக்கினாள். விளைமீன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், காவி நிறம். ஏளா இது முந்தாநாள் மீனு, யார்கிட்ட விக்க வந்தே என்று கேட்க வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. தொண்டை இருக்கிறது, நாக்கு இருக்கிறது, கோபம் இருக்கிறது, வார்த்தை மட்டும் இல்லை. நான் திறந்த வாயோடு நின்றேன். அவள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "பெப்ரோனியாக்காவே ஒண்ணும் சொல்லல, அப்ப மீனு நல்ல மீனுதான்" என்று தெருவுக்கே சத்தமாகச் சொல்லி ஒரு கிலோ நிறுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அன்று நம் தெருவில் ஏழு வீட்டில் அந்த மீன் வெந்தது. அந்தப் பழியும் என் தலையில்தான். அடுத்த வாரம் பூசையில் விசுவாசப் பிரமாணச் செபம் என் வாயில் பாதியில் நின்றது. அதற்கடுத்த வாரம் மருமகளைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். அவள்தான் பயந்துபோய் இனிகோவிடம் சொன்னாள், அத்தைக்கு என்னமோ ஆயிட்டு, என்னை முழுசா ஏசமாட்டேங்காவ என்று.

படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது பக்கம், காதுக்கு மேலே, பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. டாக்டர் பெயர் தேவபிரசாதம். நாசரேத்து ஆள், புராட்டஸ்டண்டு சபைக்காரர். நம் ஆள் இல்லையே என்று எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் உள்ளே வந்தவர் நின்றுகொண்டு பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கண்ணுக்கு நேராக அவர் கண் வருகிற மாதிரி உட்கார்ந்தார். இனிகோ படத்தை நீட்டினால் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?" என்றார். எனக்கு வார்த்தை முட்டியது. இனிகோ எடுத்துக்கொடுக்க வந்தான். டாக்டர் ஒரு விரலைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, நான் தேடி எடுக்கிற வரைக்கும் காத்திருந்தார். வெளியே முப்பது பேர் இருக்கிறார்கள். மனுஷன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தவர்கள் என் ஆயுசில் இரண்டு பேர். ஒருவர் உன் அத்தான் ரோச், அவர் கல்லறைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. இன்னொருவர் இவர். அந்தக் கணக்கில் நீ இல்லை.

எனக்கு இருந்த பயம் சாவைப் பற்றி இல்லை பிலோமினா. சாவு வந்தால் சாவு, கோயிலில் மணி அடிப்பார்கள். என்னிடம் நகை இல்லை, படிப்பு இல்லை. இருப்பது ஞாபகம் ஒன்று, அதைச் சொல்ல வாய் ஒன்று. கட்டியோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டால் நான் யார்? அதை அவரிடம் கேட்டேன். எனக்குச் சில பேர்மேல் பழைய கோபம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கிறது, அதெல்லாம் போய்விடுமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் என் தலையை வரைந்து, கட்டியை வட்டம் போட்டு, "இதைத்தான் எடுக்கப் போறேன். உங்க கோபத்துப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்" என்றார். பிறகுதான் பெரிய குண்டைப் போட்டார். ஆபரேஷன் நடக்கும்போது நான் முழித்திருக்க வேண்டுமாம். முழித்திருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவர் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பாராம். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கிறதோ அந்த இடத்தை வெட்டாமல் விட்டுவிடுவாராம். "மூணு மணி நேரம் பேசணும். பேச விஷயம் இருக்காம்மா?" என்று கேட்டார். இனிகோ தலையைக் குனிந்துகொண்டான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரே வந்து, எவ்வளவு முடியை எடுக்கவேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். மிச்சத்தைத் தொடவேண்டாம், அம்மா கொண்டை போடுவார்கள் என்று நர்சு ஜெப்ஸியிடம் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் உடன்குடி அற்புதமணி அண்ணாச்சி, பனையிலிருந்து விழுந்து மண்டை உடைந்து இவர் கையால் பிழைத்தவர். அவர் சொன்னார், "நான் கண்ணு முழிச்சப்ப மொத மொத பாத்தது இவரத்தான். எம் பேரைக் கேட்டாரு. நான் சொன்னேன். அவரு போயி சுவத்துப் பக்கமாத் திரும்பி நின்னு கண்ணைத் தொடச்சிட்டு வந்தாரு. நான் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டாரு." டாக்டருக்குக் கொடுக்க வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து என் கையில் வைத்தார். நானும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தலையைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்துக்கு மேலே கூடாரம் மாதிரி பச்சைத் துணி. உள்ளே ஜெப்ஸி ஒரு படக்கட்டோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மயக்க டாக்டர் செந்தில்முருகன் என் கையைப் பிடித்திருந்தார். தேவபிரசாதம் துணிக்குப் பின்னால், குரல் மட்டும். ஜெப்ஸி படம் காட்டினாள். ஆமை என்றேன், சாவி என்றேன். குடைப் படத்தைக் காட்டும்போது பின்னால் ஏதோ தொட்டது. வலி இல்லை. அது குடை என்று தெரிகிறது, மழைக்குப் பிடிப்பது என்று தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. "இங்கன வேண்டாம்" என்று பின்னால் குரல். கையை எடுத்ததும் குடை குடை குடை என்று மூன்று தரம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெப்ஸி துடைத்துவிட்டாள். "இனி படம் வேண்டாம், நீங்க கதை சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

கதையா. நான் உன்னை ஆரம்பித்தேன்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் மகள் ஸ்டெபியின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முப்பத்தொரு பேர் இலையில் உட்கார்ந்திருக்க, நான் சீலாமீன் குழம்பை ஊற்றிக்கொண்டு வர, நீ மயில்கழுத்துச் சேலையோடு நடுவில் நின்று, "ஏக்கா, மீனு ஐஸ் வாடை அடிக்கே" என்றாய். கடலுக்கு நூறடி தள்ளி இருக்கிற வீட்டில், கடலுக்குப் போகிற ரோச்சின் பெண்டாட்டியைப் பார்த்து. மாப்பிள்ளையின் தாய்மாமன் பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தார். விடியக்காலை கரையேறின மீன் என்று நான் அந்த இடத்திலேயே மாதா மேல் ஆணையிட்டேன். அதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ரோச் இறந்த அன்று நீ பச்சைக் கரை வெள்ளைச் சேலையில் ஆட்டோவில் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்று, உள்ளே வராமல் போனதையும் சொன்னேன். நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். ஜெப்ஸி உன் கட்சிக்குப் போய்விட்டாள். "ஒங்க தங்கச்சி மனசுல பட்டதைச் சொல்லிருக்காவ" என்றாள். மயக்க டாக்டர் என் கட்சி. "சபையில வச்சு சொல்லலாமா? காதுல சொல்லணும்லா" என்றார். பின்னால் வெட்டிக்கொண்டிருந்த மனுஷன் இரண்டு பக்கமும் சேராமல், "பேச்சு தெளிவா இருக்கு. சரிம்மா, மீனு நெசமாவே பழசா?" என்று கேட்டார்.

என் பேச்சு நின்றது.

கத்தி உடனே நின்றது. "அம்மா, பேசுங்க." நான் பேசவில்லை. அவர் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, மாதா கோயில் தேர் எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் ஓடும் என்று கேட்டார், அதைக் கடகடவென்று சொன்னேன். மறுபடி அதே இடத்தைத் தொட்டு, சந்தேகம் வரக்கூடாது என்று அதே கேள்வியைக் கேட்டார். மீனு பழசா? பேச்சு இல்லை. மூன்றாம் தரமும் அப்படியே. "இது முக்கியமான இடம். இதோட நிறுத்திருவோம்" என்றார். கட்டி முழுவதும் வந்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் ஒரு கடுகளவு, என் பேச்சுக்குப் பயந்து விட்டுவைத்தார். சாதுவான கட்டிதான், அடிக்கடி படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் வந்து உட்கார்ந்து, "எல்லாத்தையும் எடுத்துருவேன்னு சொன்னேன், எடுக்க முடியல. என்மேல வருத்தமாம்மா?" என்று கேட்டார். தலையைத் திறந்து மூடினவர் என்னிடம் வருத்தமா என்று கேட்கிறார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே உனக்கு அறிவிப்பது என்னவென்றால், என் ஞாபகம் பத்திரமாக இருக்கிறது, ஒரு தேதிகூடக் குறையவில்லை. நான் மன்னிக்கவில்லை. வருகிற பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குத் திரும்பவும் படம் எடுக்கப் போகிறேன். கூட ஒரு ஆள் வரவேண்டும் என்றார்கள். இனிகோ வருவான். நீ வரத் தேவையில்லை. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நோய்நொடி இல்லாத ஆயுசை மாதா தரட்டும். உன் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. முழங்கால் வலி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இப்படிக்கு,
உன் அக்காள்
பெப்ரோனியா

பின்குறிப்பு: இனிகோ பத்தாம் தேதி கப்பல் வேலைக்குப் போகிறான். பதினாலாம் தேதி என்கூட வர ஆள் இல்லை. மருமகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் அவள் முன்னால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அன்றைக்கு அந்த இடத்தைத் தொட்டதால் பேச்சு நிற்கவில்லை பிலோமி. மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் கச்சான் காற்று அடித்து நாலு நாளாக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. உன் அத்தான் ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கி வந்தார். நான் வாடை தெரியாமலிருக்க இரண்டு கை மல்லி கூடப் போட்டேன். நாலு நாள் மீன். உனக்கு அன்றைக்கே தெரியும். பாவம், அந்த டாக்டர் என் பொய்க்காக ஒரு கடுகை உள்ளே விட்டுவிட்டு, அதற்கும் என்னிடம் வருத்தமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்ல முடியவில்லை. எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடு. சாப்பிட்டுவிட்டுப் போவோம். மீன் வாங்கி வைத்திருப்பேன், ஆக்குவதற்கு முன்னால் நீயே செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொள்.