குழாய்க்குள் சந்தனம்

கச்சிராயபாளையம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு மாமனார் சின்னராசு எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ஆயம்மாளும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும் செவ்வந்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். பெண் கொடுத்தவன் மாப்பிள்ளை மேல் கோபப்படுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ஆகவே இது கோபமில்லாமல் எழுதிய கடிதம் என்பதைக் கடைசி வரை மனதில் வைத்துப் படிக்கவும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் வெள்ளிமலை கோகிலவாணி நேற்று பெட்டியும் கையுமாக இங்கே வந்து இறங்கினாள். அளவுகளை அவள் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டீர்களாம். வெள்ளிக்கிழமை குழு கூடி அவளை ஆய்விலிருந்தே நீக்கப் போகிறதாம். அந்தப் பெண்ணை உங்களிடம் அனுப்பியவன் நான். "நான் இன்னாங்கய்யா பண்ணுவேன்? அதே சில்லுதான். மழை பேஞ்சா ஒரு அளவு, வெயிலடிச்சா ஒரு அளவு. வந்ததத்தான் எழுதினேன்" என்றாள். அழைத்துப்போக வந்த அவள் அப்பன் பூமாலை, "வுடுங்கய்யா. மரவள்ளிக் காட்டுல ஆளு கம்மியா கீது. மெசினோட மாரடிச்சது போதும்" என்று பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டான். மலை பஸ் வரும் வரை அவளுக்குக் கொடுத்த காப்பியில் பாதி அப்படியே இருந்தது.

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன். ஆனால் இந்த ஊரில் ஊமையாகிப்போன ரேடியோக்களை எல்லாம் புத்தகம் பார்த்து நானே கற்றுப் பேச வைத்தவன். நீங்கள் செய்வதும் எனக்குப் புரியாமலில்லை. சூரிய மின்தகட்டுக்கான புதுப் பொருளை மெல்லிய சில்லாக ஓர் உலோகக் குழாயின் முனையில் வைக்கிறீர்கள். லேசரால் ஒரு தட்டு தட்டுகிறீர்கள். உள்ளே தூங்கிய மின்னூட்டங்கள் எழுந்து ஓடுகின்றன. குழாய் வழியாக மைக்ரோவேவை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்து, அவை எவ்வளவு லகுவாக ஓடுகின்றன என்று கணக்குப் போடுகிறீர்கள். சில்லில் ஒரு கம்பி கூட வைப்பதில்லை. நல்ல யோசனை. ஆனால் மெஷின் என்றால் கெட்டுப்போகாதா? அதை விட்டுவிட்டு ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்பதா?

இதில் செவ்வந்தி வேறு போன் செய்து, "எப்பா, ஆயுத பூஜைக்கு வந்தப்போ அந்தக் கொழாவுல எதனா பூசினியா?" என்றாள். சந்தனம் பூசினேன். மறைக்க என்ன இருக்கிறது? "மேல பூசாதீங்க மாமா, கறை புடிச்சிக்கும்" என்றீர்கள். மேலே பூசவில்லையே. உள்ளே பூசக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. கோகிலவாணி பொரி பொட்டலம் கட்டப் போயிருந்தாள். குழாய் கழற்றிக் கிடந்தது. விரல் போகிற தூரத்துக்குக் கெட்டிச் சந்தனமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பூஜை நாளில் ஒரு கருவி பொட்டில்லாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"ஈரச் சந்தனம் மைக்ரோவேவைக் குடிச்சிடும்பா. காயக் காய அளவு மாறிக்கினே இருக்கும். மழ ஈரத்துல மறுபடியும் ஊறும். அவருகிட்ட சொல்லிடு" என்கிறாள் பெற்ற மகள். ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்று காலை என் சொந்த ரேடியோவைத் திறந்து உள்ளே தாராளமாகச் சந்தனம் பூசிப் பார்த்தேன். புதுச்சேரிச் செய்தி கணீரென்று வந்தது. நாலணா ரேடியோ தாங்குவதை உங்கள் பெரிய மெஷின் தாங்காதா?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கோகிலவாணி பொய் சொல்லவில்லை. சந்தனமும் ஒரு குற்றமும் செய்யவில்லை. மெஷினைச் செய்தவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, இந்த விஷயம் எப்படி முடிந்தாலும்.

இப்படிக்கு,
மாமனார் சின்னராசு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"மெசினு எப்பலேருந்து இப்படிக் கீதாம்?"

"ஆயுத பூஜையிலேருந்து."

"அதுக்கு மின்னாடி?"

"ஒழுங்கா இருந்துச்சாம்."

"அப்ப ஒண்ணு உங்க சந்தனம், இல்லாட்டி அந்தப் பொண்ணு சொல்றது பொய்யி. எதுன்னு எழுதுங்க. ரெண்டையும் காப்பாத்த நீங்க இன்னா கோர்ட்டு வக்கீலா?"

மூடிய பேனாவை மறுபடி திறந்தேன். சந்தனம்தான், மாப்பிள்ளை. பூசியவன் நான். கோகிலவாணிக்கு இது இன்றுவரை தெரியாது. குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், துடைத்துவிட்டு அவளையே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய், பூமாலையிடம் பேசி, அவளைக் கூட்டிவந்து உளுந்தூர்பேட்டையில் சென்னை வண்டி ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. இதைக் குழுவில் எல்லோர் முன்னாலும் படியுங்கள். வேறு கடிதம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். எழுதியதை மாற்றி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. பின்குறிப்பிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளுங்கள்.