ஓடைத் தெருவின் துரோகி

சர்வேயர் டேப்பின் ஒரு முனையை வாசல்படியில் வைத்ததுமே வீரணன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு அளக்குறீக?"

"உங்க தெருவுல இருந்துதான் மனு வந்துருக்காம்."

"எவன் போட்டான்?"

"அது ஆபீசுக்குத்தான் தெரியும். அளக்கச் சொன்னாக, அளக்குறேன்."

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். கரண்டு உண்டு, குழாய் உண்டு, ஓட்டும் உண்டு. பட்டா மட்டும் கிடையாது. எங்கேயாவது ஜேசிபி சத்தம் கேட்டால் போதும், வீரணனின் மனைவி சங்கிலியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ரேஷன் கார்டைத் தேடுவாள்.

தெருவுக்காக வாராவாரம் மனு எழுதுபவர் வீரணன்தான். தெருவிளக்குக்கு, சாக்கடைக்கு, குரங்குத் தொல்லைக்கு என்று எழுதித் தள்ளிவிட்டார். ஒன்றுக்கும் நகல் கிடையாது. எடுத்தால் ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துவிடுவாராம். எதை எப்போது எழுதினார் என்று அவருக்கே நினைவிருக்காது. பட்டாவுக்காகத் தவமிருக்கும் அவருக்கே தெரியாமல் ஒருவன் மனு போட்டிருக்கிறான் என்றால், அது தெருவைக் காலிசெய்யத்தான். வேறென்ன?

யார் அந்தத் துரோகி? எதிர்வீட்டுச் செல்லப்பாண்டி சர்வேயருக்கு ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை கொடுத்தான். வீரணனுக்கு விடை கிடைத்துவிட்டது.

"சும்மாவாடி பழம் குடுப்பான்?" என்றார் மனைவியிடம்.

"நமக்கும்தான் குடுத்தான். நீங்கதான் ரெண்டு கொத்துத் தின்னீக."

மறுநாள் மதியம், தெருவே திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்த நேரம், தன் வாசலோரம் சர்வேயர் நட்டிருந்த அளவுக் கல்லை வீரணன் பிடுங்கிச் செல்லப்பாண்டி வீட்டுப் பக்கம் நட்டார். அளவைச் சரிபார்க்க வந்த சர்வேயர் தலையைச் சொறிந்தார். கணக்குப்படி செல்லப்பாண்டியின் அடுப்படி நடுரோட்டுக்கு வந்திருந்தது. முதலிலிருந்து அளந்தார்கள். இந்தமுறை எட்டு வீட்டுக் குளியலறைகள் ஓடைக்குள் போய்விட்டன.

"பாத்தீகளா, இடிக்கத்தான் வந்துருக்காக!" என்று வீரணன் தெருமுனையில் நின்று முழங்கினார். நேற்றுவரை அவரை நம்பாதவர்கள்கூட இன்று நம்பினார்கள்.

ஆட்சேபணை தயாரானது. 'எவனோ ஒரு துரோகி கொடுத்த மனுவை இந்தத் தெருவில் யாரும் ஏற்கவில்லை' என்று எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். தன் வீட்டுக்கு மட்டும் சங்கிலியம்மாளைப் போடச் சொன்னார். நாளைக்குப் பிரச்சினை என்றால் எந்தத் தாளிலும் தன் பெயர் இருக்கக்கூடாது. நடுவில் எவனும் தாளை மாற்றிவிடாதபடி நாலு மூலையிலும் பின் அடித்து, பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்தார்.

கிராம சபை கூடியது. வருவாய் ஆய்வாளர் ஜெபஷீலா முன்னால் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன.

"மொதல்ல அந்தத் துரோகி மனுவப் படிங்க மேடம்! ஊரே கேக்கட்டும்," என்றார் வீரணன், செல்லப்பாண்டியை முறைத்தபடி.

ஜெபஷீலா படித்தார். "'ஓடைத் தெருவில் வசிக்கும் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் அவரவர் குடியிருக்கும் இடத்துக்கே பட்டா வழங்க வேண்டும்.' இது மூணு வருசத்துக்கு முந்தின மனு. அளந்து முடிச்சு, இன்னைக்குத் தீர்மானம் போட இருந்தோம். நீங்க எல்லாருமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

சங்கிலியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட பட்டாவை வீரணனே விரட்டிவிட்டார்.

"தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டோம் மேடம்," என்று நாலைந்து பேர் எழுந்தார்கள்.

"ஒரு வழி இருக்கு. மனு கொடுத்தவர் வந்து 'இது என் மனுதான், உறுதியா நிக்கிறேன்'னு சொல்லட்டும். ஆட்சேபணையைத் தள்ளிட்டு இப்பவே தீர்மானம் போட்டுடலாம். ஆனா மனுவுல பேர் இல்ல. 'ஓடைத் தெரு மக்கள்'னு மட்டும் இருக்கு."

வீரணன் பாய்ந்துபோய்ச் செல்லப்பாண்டியின் கையைப் பிடித்தார். "ஏலே, நீதானலே போட்ட? நீ துரோகி இல்லலே, தெய்வம்! எந்திரிச்சுச் சொல்லுலே!"

"சத்தியமா நான் இல்லண்ணே."

"கூச்சப்படாதலே. மேடம், அந்த மகராசன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, நானே மால வாங்கிப் போடுறேன்!"

மேசையோரம் நின்று காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த கிராம உதவியாளர் ஞானபாக்கியம், விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே சொன்னாள்:

"ஆளு யாருன்னு தெரியல மேடம். ஆனா பட்டா கேட்ட மனு, வேணாம்னு சொன்ன மனு, ரெண்டுலயும் நாலு மூலையிலயும் பின் அடிச்சு என் வெரலக் குத்துனது ஒரே கைதான்."