மாலக்கியின் இடுப்பு வலி

ஆற்றின் மேல் மே ஈ பறந்து, அதைத் தின்ன மீனெல்லாம் மேலே வரும் இரண்டு வாரத்தில் அயர்லாந்துக்காரன் ஒருவனை வேலை செய்ய வைக்க முடியுமென்றால், அது க்ரான்யாவால்தான் முடியும். அவள் கணவன் மாலக்கி மட்டும் இதை இன்னும் நம்பவில்லை.

இந்த முறை ஊர்ப் பூசை அவர்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை பாதிரியார் வருவார். கூடவே தெருவே வரும். வந்ததும் எல்லாக் கண்ணும் சுவரைத்தான் மேயும். வெள்ளையடிக்க வேண்டியவன் மாலக்கி. ஆனால் பாலத்தடியில் ஒரு கிழட்டு ட்ரவுட் மீன் மூன்று வருஷமாக அவனுக்கு டிமிக்கி கொடுத்து வந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பிஷப். இன்றைக்கு விட்டால் ஈக்கள் ஓய்ந்துவிடும், பிஷப் அடியில் போய்ப் படுத்துவிடும்.

வியாழன் காலை மாலக்கி கட்டிலில் முனகினான்.

"ஐயோ, இடுப்பு!"

"எந்தப் பக்கம்?" என்றாள் க்ரான்யா.

"ரெண்டு பக்கமும்."

"நடுவுல ஏதாவது மிச்சமிருக்கா?"

"கிண்டல் பண்ணாத. திரும்பவே முடியல."

"அப்ப திரும்பாத, என் ராசா. தூங்கு. நான் போய்க் கோழிக்கூட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்."

இவ்வளவு சுலபமா! பத்தாவது நிமிஷம் மாலக்கி ஜன்னல் வழியே குதித்தான். பிடித்துக்கொண்ட இடுப்பு அற்புதமாக வளைந்து கொடுத்தது. கையில் தூண்டில், பையில் ஒரு டஜன் பொய் ஈ. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி அவற்றைக் கட்டித் தருவது க்ரான்யாதான். அவள் கட்டிய ஈயை நிஜ ஈயே பெண் கேட்டு வரும் என்பான் மாலக்கி.

ஆற்றின் மேல் ஈக்கள் மொய்த்தன. மாலக்கி வீசினான். பிஷப் லபக்கென்று கவ்வியது. இழுத்தான். துப்பியது. ஈயை மாற்றினான். கவ்வியது, துப்பியது. ஐந்தாவது ஈயையும் துப்பியபோதுதான் முள்ளைத் தடவிப் பார்த்தான். நுனியே இல்லை. பன்னிரண்டையும் குறட்டால் நறுக்கியிருந்தாள்!

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குப் போய்க் கத்தலாம். என்னவென்று கத்துவது? இடுப்பு பிடித்துக் கட்டிலில் கிடப்பவனுக்கு முள்ளோடு என்ன வேலை? வந்த வழியே ஏறிக் குதித்துப் போர்த்திப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் வெண்ணெயில் மீன் பொரியும் வாசனை வந்தது. பின்னாலேயே க்ரான்யா வந்தாள். வால் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது... பிஷப்பா?"

"ஆமா. மத்தியானம் பாலத்துப் பக்கம் ஒரு எட்டு போனேன்."

"எந்த ஈயில பிடிச்ச?"

"பதிமூணாவதா ஒண்ணு கட்டி வச்சிருந்தேன். பாவம், நல்ல பசி அதுக்கு. காலையில யாரோ வெறும் இறகா ஊட்டியிருக்காங்க."

தட்டை அவன் மடியில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு எந்திரி. முன்சுவர் அப்படியே இருக்கு. மே மாசம்தானே, வெளிச்சம் ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கும்."

"இடுப்பு வலிக்குதேடி! வாசல் வரைக்கும் எப்படி நடப்பேன்?"

"நடக்க வேணாம் ராசா. ஏணியை உன் ஜன்னலுக்கு நேராவே போட்டிருக்கேன்."