நரகத்தில் ஒரு காற்புள்ளி

"நரகம் இல்லையாமே!" என்றார் கிம்பர். பத்திரிகையின் முதலாளி. கையில் ஒரு கட்டுரையின் அச்சுப் படி இருந்தது. "நம்ம பத்திரிகையிலயா, திரப்?"

"இல்லைன்னு சொல்லல சார். என்னைக்கும் நீடிக்காதுன்னுதான் சொல்லுது."

"யார் எழுதினது?"

"தெரியாது. வக்கீல் மூலமா வந்துச்சு. நம்மகிட்ட யாருமே பேர் போட்டு எழுதறதில்லையே."

கிம்பர் தொப்பியை எடுத்தார். "விட்லோ பாதிரியார்கிட்ட காட்டுங்க. அவர் சபையில ஐந்நூறு குடும்பம் நம்ம பத்திரிகை வாங்குது. அவர் முகம் கோணிச்சுன்னா உங்க நாற்காலியில வேற ஆள் உட்காருவான்."

ஆசிரியர் திரப் படியை அனுப்பிவைத்தார். மறுநாள் பாதிரியாரின் வண்டிக்காரன் ஜெம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். பாதிரியார் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்திருந்தார்.

"பார்த்தியா மெல்லிஷ்," என்றார் திரப், அச்சுக்கூட ஃபோர்மனிடம். "நரகமே போச்சுன்னு இருக்கு. மனுஷன் காற்புள்ளி போட்டிருக்கார்! வாயடைச்சுப் போற அளவுக்குக் கோபம்."

"பிடிச்சிருக்குமோ என்னவோ, ஐயா."

"பாதிரியாருக்கா? உளறாதே."

திரப் காரமான பத்திகளை வெட்டினார். 'நரகம் நித்தியமல்ல' என்பது 'நரகம் குறித்துப் பல கருத்துகள் உண்டு' என்றானது. படி மறுபடி போனது. இரண்டாகக் கிழிந்து வந்தது.

"இன்னும் ஆறல," என்றார் திரப். மேலும் வெட்டினார். இப்போது நரகம் இருந்தது. மிகவும் சூடாகவும் இருந்தது.

"எட்டுப் பக்கம் ரெண்டாயிடுச்சு ஐயா," என்றார் மெல்லிஷ். "மிச்சத்துல பிஸ்கட் விளம்பரம் போடவா?"

"வேண்டாம். மறுப்பு எழுதறேன்."

"எதுக்கு மறுப்பு? கட்டுரையே இப்ப நரகம் உண்டுங்குதே."

"வெட்டினதுக்கு மறுப்புய்யா."

"வெட்டினதை யாரும் படிக்கப்போறதில்லையே."

"பாதிரியார் படிச்சிருக்கார்!"

திரப் ஒரே மூச்சில் எழுதினார். கட்டுரையாளனை அரைவேக்காடு என்றார். நன்றி கெட்டவன் என்றார். அதுவும் போதாதென்று தோன்றவே, சாத்தானின் குமாஸ்தா என்றும் சேர்த்தார். அதைப் பாதிரியாருக்கு அனுப்பினார். பதில் இல்லை. பாதிரியார் கடைசியில் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக அச்சேற்றினார்.

இதழ் வெளிவந்த அன்று கிம்பர் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"ஐந்நூறும் போச்சு! விட்லோ சபையே நிறுத்திடுச்சு. என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?"

"அவருக்காகத்தானே சார் எல்லாத்தையும் வெட்டினேன்!"

"வெட்டச் சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல சார்! அதானே பயம்!"

வாசலில் ஜெம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு என்னப்பா வேணும்?" என்றார் திரப், எரிச்சலோடு.

"உங்க மறுப்பைப் படிச்சதுலேர்ந்து பாதிரியார் ஐயா படுக்கையை விட்டு எழுந்திருக்கலீங்க. அவர் வீட்டம்மாதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"ரெண்டு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு அவர் எழுதினதுல, அந்தக் காற்புள்ளியாவது மிச்சம் இருக்கான்னு."